குளியலறைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தனி அனுமதி வேண்டுமா? லைசென்ஸ் யாரிடம் இருக்க வேண்டும்?

கேட்டவரின் நிலைமை இது. இருக்கும் வீட்டின் மாடியில் புதிதாக ஒரு குளியலறையும் கழிப்பறையும் சேர்க்கிறார். கட்டட அனுமதி கையில் இருக்கிறது. பிளம்பிங்குக்கென்று தனியாக அனுமதி வாங்க வேண்டுமா, லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் வேலை பார்க்க வேண்டுமா, சொந்த வீடு என்பதால் தானே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்வதால் எதை நம்புவது என்று தெரியவில்லை என்கிறார்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விதிகள் பெரும்பாலும் உள்ளூர் அளவில் முடிவாகிறவை. மேலே ஒரு மாதிரி விதித்தொகுப்பு இருக்கும். அதை மாநிலமோ நகரமோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம், திருத்தி எடுத்துக்கொள்ளலாம், விட்டும் விடலாம். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட், யூனிஃபார்ம் பிளம்பிங் கோட் என்று இரண்டு மாதிரிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரு மாநிலம் ஒன்றை ஏற்கும், பக்கத்து மாநிலம் மற்றொன்றை ஏற்கும். இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-லும் பிளம்பிங்குக்கென்று தனிப் பகுதி உண்டு. ஆனால் அது பரிந்துரைதான். மாநில அரசோ உள்ளாட்சியோ தன் விதியில் சேர்த்துக்கொண்டால்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். அதனால் வேறு ஊரில் வேலை பார்த்தவர் சொல்வது அந்த ஊருக்குச் சரியாக இருந்தாலும் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

ஆனால் விதிகளின் அடியில் இருக்கும் நோக்கம் எங்கேயும் ஒன்றுதான். மூடிவிட்டால் பார்க்க முடியாத வேலையை, மூடுவதற்கு முன் வேலை செய்தவரும் வீட்டுக்காரரும் அல்லாத ஒருவர் பார்த்தாக வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பெரும்பாலும் நீங்களே ஊகித்துவிடலாம். அப்புறம் உள்ளூர் அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அனுமதி என்பது வேலைக்கு, லைசென்ஸ் என்பது ஆளுக்கு. வண்டிக்குப் பதிவுச் சான்று, ஓட்டுகிறவருக்கு ஓட்டுநர் உரிமம் என்பது போல. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது. "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, அனுமதி எதற்கு?" என்று ஒரு பிளம்பர் சொன்னால், அந்த ஊர் விதி அப்படித் தளர்வு தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் உண்மையிலேயே தருகிறது. பல இடங்களில் தருவதில்லை.

இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பலரும் மறந்துவிடுவது இதைத்தான். பொதுக் குடிநீர்க் குழாயோடும் பாதாள சாக்கடையோடும் இணைப்பதற்கு, அவற்றை நடத்துகிற வாரியமோ நிறுவனமோ தருகிற ஒப்புதல் அது. கட்டட அனுமதி தருகிற அலுவலகமும் தண்ணீர் தருகிற அமைப்பும் வேறு வேறாக இருந்தால், ஒருவர் கொடுத்த காகிதம் இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. மாடியில் ஒரு குளியலறை கூடினால் உள்ளே வரும் தண்ணீரும் கூடும், வெளியே போகும் கழிவுநீரும் கூடும். பழைய இணைப்பு அதற்குப் போதுமா என்று பார்க்கிற உரிமை அந்த அமைப்புக்கு இருக்கிறது. பொதுச் சாக்கடைக் குழாய்க்கு மேலோ மிக அருகிலோ கட்டுவதற்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. இங்கிலாந்தில் பொதுக் கழிவுநீர்க் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டினால் அந்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பின்னால் அந்தக் குழாயைத் தோண்ட வேண்டி வந்தால் உங்கள் அஸ்திவாரம் குறுக்கே நிற்கக் கூடாது அல்லவா?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்வேன். 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, வந்து தங்கியவர்களிடையே அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்தார்கள். ஊரின் குடிநீர் வழங்கலில் கோளாறு இல்லை. கோளாறு இருந்தது ஹோட்டல் கட்டடங்களுக்குள் ஓடிய பிளம்பிங்கில். குடிநீர்க் குழாயும் கழிவுநீரும் தொட்டுக்கொள்ள வழி இருந்தது. அமெரிக்காவில் கலப்பு இணைப்பைத் தடுக்கும் விதிகள் இறுகியதற்கு அந்தச் சம்பவம் பெரிய காரணம்.

இரண்டாவது 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது. அங்கே 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் தொற்றியது. குளியலறைத் தரையில் இருக்கும் வடிகாலுக்கு அடியில் வளைந்த டிராப் ஒன்று இருக்கும். அதில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் அடைக்கிறது. அங்கே பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியபோது, செங்குத்துக் கழிவுக் குழாய்க்குள் இருந்த நுண்துளிகள் அந்த வழியாகக் குளியலறைக்குள் இழுக்கப்பட்டன என்று விசாரணையில் சொன்னார்கள். ஒரு சாண் கூட இல்லாத தண்ணீர்த் தடுப்பு இருப்பதும் இல்லாததும் பக்கத்து வீட்டுக்காரரின் உயிரைத் தொடுகிற விஷயம். "என் வீடு, என் குழாய், யாருக்கென்ன?" என்ற வாதம் பிளம்பிங்கில் நிற்காது என்று நான் உறுதியாக நினைப்பது இதனால்தான்.

சரி, எதற்கு அனுமதி வேண்டாம்? இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வேறு பல விதிகளும் இதே போக்கில்தான் போகின்றன. குழாயில் ஒழுகலை நிறுத்துவது, அடைப்பு எடுப்பது, கழிப்பறைப் பீங்கானைக் கழற்றி அதே இடத்தில் திரும்ப மாட்டுவது ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் அதே வாசகத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ மறைந்திருக்கும் டிராப்போ குழாயோ கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டுப் புதுப்பொருள் போட நேர்ந்தால் அது பழுதுபார்ப்பு அல்ல, புது வேலை. அதற்கு அனுமதி வேண்டும். பீங்கானைக் கழற்றி மாட்டுவதிலும் அப்படித்தான். குழாயையோ வால்வையோ மாற்றினாலும், இடம் நகர்த்தி அமைத்தாலும் சலுகை போய்விடும். மறைந்திருக்கிறதா, அமைப்பு மாறுகிறதா என்ற இரண்டு கேள்விகளே கோட்டைப் போடுகின்றன. உங்கள் மாடிக் குளியலறையில் இரண்டுக்கும் பதில் 'ஆம்'. எனவே அனுமதி முறை உள்ள எந்த ஊரிலும் உங்கள் வேலை அதற்குள் வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தனி விண்ணப்பமா, கட்டட அனுமதியிலேயே சேர்ந்துவிட்டதா என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். கையில் இருக்கும் கட்டட அனுமதியை எடுத்துப் பாருங்கள். பிளம்பிங் வரைபடம் அதோடு இணைக்கப்பட்டு முத்திரை விழுந்திருந்தால் சேர்ந்துவிட்டது என்று நம்ப இடமுண்டு. அறை மட்டும் வரைந்து குழாய் எதுவும் வரையாமல் வாங்கியிருந்தால் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

நள்ளிரவில் குழாய் வெடித்தால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். அவசர வேலையை உடனே செய்துவிட்டு அடுத்த வேலைநாளில் விண்ணப்பிக்கலாம் என்று அந்த விதித்தொகுப்பே இடம் தருகிறது. இன்னொன்று, அதன்படி அனுமதி வாங்கி 180 நாட்களுக்குள் வேலையைத் தொடங்காவிட்டாலோ, தொடங்கிய வேலையை 180 நாட்கள் நிறுத்திவைத்தாலோ அனுமதி செல்லாது. பணம் புரட்ட நாளாகும் என்றால் நீட்டிப்புக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

குடிநீர்ப் பக்கத்தில் பட்டியல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் அங்கே கவலை, அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகிற பின்னோட்டம் பற்றியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 1999-ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பொருத்திகள் விதிகளைப் பாருங்கள். 230 லிட்டருக்கு மேல் கொள்ளும் குளியல் தொட்டி, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்ப், 750 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்திலோ 1350 மில்லிமீட்டருக்கு அதிகமான ஆழத்திலோ வெளியே புதைக்கும் குழாய் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே தண்ணீர் நிறுவனத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். 10 வேலைநாட்களுக்குள் அவர்கள் மறுக்கவில்லை என்றால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம். கழிப்பறையில் கழுவிக்கொள்வதற்கான, வளையும் குழாயோடு வரும் பிடேயும் அதே பட்டியலில் இருக்கிறது. சின்னச் சாமான், இதற்கென்ன அனுமதி என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். கழிப்பறைப் பீங்கானுக்குள் தொங்கவிட முடிகிற ஒரு முனை, மறுமுனையில் குடிநீர்க் குழாயோடு சேர்ந்திருக்கிறது. வெளியே குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கினால் அது உள்ளே உறிஞ்சும். பின்னோட்டத்தைத் தடுக்க விதி கேட்கிற ஏற்பாடு இல்லாமல் அதை மாட்டக் கூடாது.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். அனுமதிக் கட்டணம் என்பது காகிதத்துக்குக் கொடுக்கிற காசு என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் நீங்கள் காசு கொடுப்பது இந்தப் பரிசோதனைக்குத்தான். வழக்கமாக மூன்று கட்டம். மண்ணுக்குள் போகும் குழாயை, பள்ளத்தில் படுக்கை போட்டு இறக்கிய பிறகு, மண் தள்ளுவதற்கு முன் பார்ப்பார்கள். சுவருக்குள் போகும் குழாயைப் பூச்சு பூசுவதற்கும் டைல்ஸ் ஒட்டுவதற்கும் முன் பார்ப்பார்கள். கடைசியில் எல்லாச் சாமான்களையும் மாட்டியபின் ஒரு தடவை.

இரண்டாவது கட்டத்தில் நடக்கும் தண்ணீர்ச் சோதனையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்வேன். கழிவுக் குழாயின் கீழ்முனையில் ரப்பர் அடைப்பானைப் போட்டு முறுக்குவார்கள். அது விரிந்து குழாய்ச் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். மற்ற வாய்களையும் அடைத்துவிட்டு மேலிருந்து தண்ணீர் நிரப்புவார்கள். சோதிக்கிற இணைப்புக்கு மேல், விதி சொல்கிற உயரத்துக்கு, உதாரணமாக 3 மீட்டருக்கு, தண்ணீர் நிற்க வேண்டும். பிறகு 15 நிமிடம் பொறுத்திருப்பார்கள். மேலே தண்ணீர் மட்டத்தில் ஒரு அடையாளம் போட்டுவிட்டு, கீழே டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். பசை சரியாக ஏறாத மூட்டில் தண்ணீர் சொட்டாது. முதலில் ஓரத்தில் லேசாக வியர்க்கும், விரலில் ஈரம் ஒட்டும். அப்போதே வெட்டி எடுத்து மாற்றினால் அரை நாள் வேலை. டைல்ஸ் ஒட்டி, குடி வந்து, கீழ்வீட்டுக் கூரையில் கறை படிந்தபின் அதே மூட்டைத் தேடுவது வேறு கதை.

சாய்வும் அந்த நேரத்தில்தான் பார்க்கப்படும். இதிலும் எண்கள் விதிக்கு விதி கொஞ்சம் மாறும். இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட்படி 50 மில்லிமீட்டர் போன்ற சிறிய கழிவுக் குழாய்க்கு மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும், 100 மில்லிமீட்டர் குழாய்க்கு மீட்டருக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். இறக்கம் போதாவிட்டால் திடக்கழிவு தேங்கும். டிராப்பில் நிற்கும் தண்ணீரின் ஆழம் 50-லிருந்து 100 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கழிவுக் குழாய்க்குள் காற்று வந்து போவதற்காகக் கூரைக்கு மேலே ஏறும் வென்ட் பைப் இல்லாவிட்டால், மேலே யாராவது ஃபிளஷ் பண்ணும்போது கீழே இருக்கும் டிராப்பின் தண்ணீரைக் காற்று இழுப்பு உறிஞ்சிவிடும். மாடிக் குளியலறைகளில் மிச்சம் பிடிப்பதற்காக முதலில் வெட்டப்படுவது இந்த வென்ட் பைப்தான். உங்கள் பிளம்பரின் திட்டத்தில் அது எங்கே ஏறி எங்கே கூரைக்கு வெளியே முடிகிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பரிசோதகர் வருவதற்கு முன் மூடிவிட்டால் என்ன ஆகும்? உடைத்துத் திறந்து காட்டச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. செலவு உங்களுடையது. கொத்தனாருக்கு அவசரம் இருக்கும், டைல்ஸ் ஆள் வேறு இடத்தில் நாள் கொடுத்திருப்பார். யார் சொன்னாலும் பரிசோதனைக் கையெழுத்து விழும் வரை சுவரைப் பூச விடாதீர்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு நாடாவை நீட்டி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கே ஆணி அடிக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு அந்தப் படங்கள்தான் வழிகாட்டும்.

லைசென்ஸ் விஷயம். அமெரிக்காவில் பொதுவாகத் தொழில் பழகுகிறவர், தேர்ந்த தொழிலாளி, மாஸ்டர் பிளம்பர் என்று படிகள் உண்டு. மாஸ்டர் பிளம்பர் பெயரில்தான் பெரும்பாலும் அனுமதி வாங்க முடியும். டெக்சாஸில் லைசென்ஸ் தருவது மாநில வாரியம். நியூயார்க் மாநிலத்தில் மாநில அளவில் பிளம்பர் லைசென்ஸே கிடையாது, நகரங்கள் தனித்தனியாகத் தருகின்றன. ஆகவே ஒரு ஊர் லைசென்ஸ் அடுத்த ஊரில் செல்லுமா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் தண்ணீர்க் குழாய் வேலைக்கு, பொதுப் பயன்பாட்டு வாரியத்தின் லைசென்ஸ் பெற்ற பிளம்பர்தான் வர வேண்டும். குழாய்முனையை மாற்றுவது போன்ற எளிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

காட்டுகிற அட்டையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் பதிவேட்டில் பாருங்கள். நடப்பில் இருக்கிறதா, எந்த வகை வேலைக்கு, யார் பெயரில் என்ற மூன்றையும் பாருங்கள். கடைசியதுதான் முக்கியம். லைசென்ஸ் உள்ள ஒருவர் தன் பெயரை மட்டும் இரவல் கொடுத்து, வேலைத்தளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதை நான் சாதாரணக் குறுக்குவழியாகப் பார்ப்பதில்லை. பரிசோதனை என்ற ஏற்பாட்டையே அது வெறும் சடங்காக்கிவிடுகிறது. ஒப்பந்தத்தில் லைசென்ஸ்காரர் பெயரை எழுதி, தண்ணீர்ச் சோதனை நாளில் அவர் நேரில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அனுமதியை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு ஒப்பந்ததாரர் வற்புறுத்தினால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் லைசென்ஸ் இருக்காது. மேலும், அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் தவறுக்கும் பொறுப்பு.

நீங்களே செய்யலாமா? தான் குடியிருக்கும் சொந்த வீட்டில் உரிமையாளர் செய்துகொள்ளப் பல இடங்களில் விதி விடுகிறது. ஆனால் அந்த விலக்கு பெரும்பாலும் லைசென்ஸுக்குத்தான், அனுமதிக்கும் பரிசோதனைக்கும் அல்ல. வாடகைக்கு விடும் வீடு, அடுக்குமாடியில் பொதுக் குழாயைத் தொடும் வேலை ஆகியவற்றுக்கு இது கிடைப்பது அரிது. உங்களுக்குக் கைவேலை தெரியும் என்றால் சாமான் மாட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள். கழிவுக் குழாயும் வென்ட்டும் அறிந்தவர் கையில் இருப்பது நல்லது.

பாதாள சாக்கடை இல்லாத இடம் என்றால் செப்டிக் டேங்க் பக்கம் பார்க்க வேண்டும். புதுக் குளியலறை சேர்வதால் பழைய டேங்கின் கொள்ளளவு போதுமா என்று சுகாதாரத் துறையோ உள்ளாட்சியோ கேட்கும். உறிஞ்சுகுழிக்கு மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை வாங்குகிறது என்ற சோதனையும் கேட்கலாம். கிணற்றிலிருந்து இருக்க வேண்டிய தூரம் பல விதிகளில் 15 முதல் 30 மீட்டர் வரை போகிறது. டேங்கைச் சோதிக்க என்று சொல்லி யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆள் வைத்தவரும் அதில் மாட்டுவார்.

விண்ணப்பத்துக்குப் போகும்போது என்னென்ன சாமான்கள், எத்தனை, ஒவ்வொன்றின் கழிவும் எந்த அளவுக் குழாயில் போகிறது, வென்ட் எங்கே, வெளி மேன்ஹோலில் குழாய் எந்த மட்டத்தில் சேர்கிறது என்பதெல்லாம் காட்டுகிற வரைபடம் வேண்டும். கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிட்டு அலைகிறார்கள். மேன்ஹோல் மூடியைத் திறந்து அந்த மட்டத்தை அளந்துகொண்டே போங்கள்.

ஏற்கெனவே அனுமதி இல்லாமல் வேலை முடிந்து மூடியாகிவிட்டது என்று இதைப் படிக்கும் வேறு யாராவது இருந்தால், மறைத்துவைப்பதை விட அலுவலகத்துக்குப் போய்ச் சொல்வதுதான் வழி. பிந்தைய விண்ணப்பத்துக்குக் கூடுதல் கட்டணமோ அபராதமோ இருக்கும். சில இடங்களில் சுவரை ஓரிரு இடத்தில் மட்டும் திறந்து காட்டி, தண்ணீர் அல்லது புகைச் சோதனை செய்து முடித்துக்கொள்ள ஒப்புவார்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் எடுத்துப் போங்கள். வீட்டை விற்கும்போதும், தண்ணீர்ச் சேதத்துக்குக் காப்பீடு கேட்கும்போதும் இந்த இறுதிச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள். பத்திரத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.